திருகோணமலையா, கொழும்பா? மணல் சொல்லும் பதில்

"உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று திருகோணமலை என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அப்படியிருக்க, எங்கள் தேயிலை ஏன் கொழும்புக்குப் போய்க் கப்பலேறுகிறது? இனி ஒரு கொள்கலன் துறைமுகம் கட்டுவதானால் அதைத் திருகோணமலையில் கட்டினால் என்ன?" ஹட்டனில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது.

ஆழத்தை முதலில் முடித்துவிடுவோம். இன்றைய மிகப் பெரிய கொள்கலன் கப்பலின் நீளம் 400 மீற்றர், அகலம் 61 மீற்றர். இருபதடிப் பெட்டிக் கணக்கில் 24,000 பெட்டிகள் ஏற்றும். முழுச் சுமையோடு அது 16 முதல் 17 மீற்றர் வரை நீருக்குள் அமிழும். அடித்தட்டுக்கும் கடற்படுகைக்கும் நடுவே அதில் பத்து வீதமாவது இடைவெளி வேண்டும். அலை அடிக்கும் நுழைவுக் கால்வாயில் அதைவிடக் கூட. போதாததற்கு, ஆழங்குறைந்த நீரில் வேகமாக ஓடும் கப்பல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும். கப்பலுக்கு அடியில் நெருக்கப்படும் நீர் வேகமெடுக்கிறது, அமுக்கம் குறைகிறது, பேர்னூலி தத்துவம்தான். சில நாடுகளில் வற்றுப்பெருக்கைப் பார்த்து, கடல் ஏறும் நேரத்தில் பெரிய கப்பலை உள்ளே எடுப்பார்கள். இலங்கையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது என்பதால் அந்த வழி நமக்கு இல்லை. எனவே 18 மீற்றருக்குக் குறையாத ஆழம் எந்நேரமும் இருக்க வேண்டும். கொழும்புத் தென்துறையின் ஆழம் 18 மீற்றர். புதிய மேற்கு முனையத்தில் 20 மீற்றர். அம்பாந்தோட்டையில் 17. திருகோணமலைக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.

அடுத்தது தூரம். ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையிலான கப்பல்கள் நம் தீவின் தென்முனையான தெவுந்தரவைச் சுற்றித்தான் போகின்றன. அந்தப் பாதையை விட்டு விலகி ஒரு துறைமுகத்துக்கு வந்து, மீண்டும் பாதையில் சேர எவ்வளவு கூடுதலாக ஓட வேண்டும் என்பதை வரைபடத்தில் நீங்களே அளந்து பார்க்கலாம். மேற்கிலிருந்து மலாக்கா நீரிணைக்குப் போகும் கப்பலுக்குக் கொழும்பால் ஏறத்தாழ 40 கடல் மைல் கூடும். அம்பாந்தோட்டை என்றால் 20 கடல் மைலுக்கும் குறைவு. திருகோணமலை என்றால் சுமார் 180. மணிக்கு 17 கடல் மைல் வேகத்தில் ஓடும் கப்பலுக்கு அது பத்தரை மணித்தியாலம். ஒரு நாளைக்கு 100 தொன் அளவில் எரிபொருள் குடிக்கும் கப்பல் அதற்கென்றே 40 தொன்னுக்கு மேல் எரிக்க வேண்டும். அதுவும் ஒவ்வொரு பயணத்திலும்.

உள்ளூர்ச் சரக்குக்காக மட்டும் கப்பல் வருவதானால் இந்தத் தூரம் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இலங்கை ஓராண்டில் ஏற்றுமதி செய்யும் தேயிலை கிட்டத்தட்ட 2.5 இலட்சம் தொன். ஓர் இருபதடிப் பெட்டிக்கு 10 தொன் என்று வைத்தாலும் 25,000 பெட்டிகள்தான். கொழும்புத் துறைமுகம் ஆண்டொன்றில் கையாளுவதோ 70 இலட்சத்துக்கும் மேல். நம் மலைகளில் பறிக்கும் கொழுந்து முழுவதும் அதில் அரை வீதம்கூட இல்லை. கொழும்பின் பெட்டிகளில் ஐந்தில் நான்கு பங்கு நம்முடையவை அல்ல. ஒரு கப்பலில் இறங்கி இன்னொரு கப்பலில் ஏறி இந்தியாவுக்கோ பங்களாதேசத்துக்கோ போகிறவை. இந்தக் கப்பல் மாற்று வணிகத்தில் விலகல் தூரத்துக்கும், அடுத்த கப்பல் எப்போது வரும் என்பதற்கும்தான் மதிப்பு. கப்பல்கள் அடிக்கடி வருகிற இடத்துக்கே இன்னும் கப்பல்கள் வருகின்றன. அம்பாந்தோட்டை பாதைக்கு மிக அருகில் இருந்தும் நெடுங்காலம் கொள்கலன்களைவிட வாகனக் கப்பல்களுக்கே பெயர் பெற்றிருந்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

ஆழம், தூரம், சரக்கு. துறைமுக விவாதங்கள் பெரும்பாலும் இந்த மூன்றோடு நின்றுவிடுகின்றன. ஆழம் ஒரு நாளில் அளக்கக்கூடியது. அது பத்து ஆண்டுகள் கழித்தும் அங்கே இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது மணல்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆழமற்ற நீரில் அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 10 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு ஏறக்குறைய 10 மீற்றர், 2.5 மீற்றர் ஆழத்தில் 5 மீற்றர். சாய்வாக வரும் அலையின் கரைப்பக்க முனை முதலில் ஆழங்குறைந்த நீரைத் தொட்டு வேகம் குறைய, மறுமுனை எட்டிப்பிடிக்கிறது. அலை திரும்பிக் கரைக்கு இணையாக வரப் பார்க்கிறது. முழுதாகத் திரும்பும் முன்பே உடைந்துவிடுகிறது. எஞ்சிய அந்தச் சில பாகைச் சாய்வு போதும். உடைந்த அலை மணலைக் கிளப்பிச் சாய்வாக மேலே ஏற்றுகிறது. திரும்பும் நீர் சரிவின் வழியே நேராகக் கீழே இறங்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் ஒவ்வொரு மணியும் கரையோரமாக ஓர் அடி வைக்கிறது. கூடவே, அலைகள் உடையும் பட்டை முழுவதும் கரைக்கு இணையாக ஒரு நீரோட்டம் உண்டாகி, கிளம்பிய மணலைச் சுமந்துபோகிறது.

இந்த நகர்வின் அளவு, உடையும் அலையின் உயரத்தின் இரண்டரையாம் அடுக்குக்கு விகிதசமம். அலை உயரம் இரட்டித்தால் மணல் ஐந்தரை மடங்குக்கு மேல் நகரும். ஆண்டு முழுவதும் அமைதியாகத் தோன்றும் கரையில், பருவக்காற்றுக் காலத்தின் சில வாரங்கள் மொத்தக் கணக்கையே முடித்துவிடும். சனவரி, பெப்ரவரியில் மட்டும் அளந்துவிட்டு மேற்குக் கரைக்கு அறிக்கை எழுதினால் அந்த அறிக்கை எதற்கும் உதவாது.

இந்த ஓட்டத்தின் குறுக்கே அலைதடுப்பு அணை ஒன்றைக் கட்டினால் என்ன ஆகும்? மணல் வரும் பக்கத்தில் கரை வளரும். போகும் பக்கத்தில் அலை வழக்கம்போல் மணலை அள்ளிக்கொண்டுபோகும், ஆனால் ஈடுகட்ட வருவது எதுவும் இராது, கரை அரிக்கும். வளர்கிற பக்கம் அணையின் நுனி வரை நிரம்பியதும் மணல் சுற்றி வந்து நுழைவாயிலில் விழும். ஏன் சரியாக அங்கே? தோண்டிய கால்வாயில் ஆழம் இரட்டித்தால் அதே நீரோட்டத்தின் வேகம் பாதியாகும். மணல் சுமக்கும் திறன் வேகத்தின் மும்மடிக்குக் கிட்டத்தட்ட விகிதசமம் என்பதால் அது எட்டில் ஒன்றாகிவிடும். சுமையின் பெரும்பகுதியை நீர் அங்கேயே இறக்கிவிடுகிறது. தோட்டத்துக் கானில் குழி வெட்டிய இடத்தில் மட்டும் மழைக்குப் பிறகு மண் நிரம்பிக் கிடப்பதும் இதே காரணத்தால்தான். நுழைவுக் கால்வாயை எவ்வளவு ஆழமாகத் தோண்டுகிறோமோ அவ்வளவு நன்றாக அது மணலைப் பிடிக்கும்.

இலங்கையில் இதற்குக் கிழக்குக் கரையிலுள்ள ஒலுவிலைவிடத் தெளிவான சான்று கிடையாது. 2013இல் திறக்கப்பட்ட துறைமுகம் அது. அந்தக் கரையில் ஆண்டுக் கணக்கில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. அணைகள் கட்டியதும் தெற்கே மணல் மேடு வளர்ந்தது. வாயில் அடைபட்டு மீன்பிடிப் படகுகள்கூட வெளியேற முடியாமல் தவித்தன. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் தென்னந்தோப்புகளும் நிலமும் கடலுக்குப் போயின. அணை கட்டியபின் நடந்தது எதுவும் புதிரல்ல, மேலே சொன்ன வரிசைப்படியே நடந்தது. அந்தக் கரை மக்கள் இழந்த நிலத்தை நினைத்தால் இது மனதை வருத்துகிறது.

இந்த மணலும் வண்டலும் எங்கிருந்து வருகின்றன? பெரும்பகுதி ஆறுகள் வழியாக, நம் மலைகளிலிருந்து. ஹட்டன் நகரம் ஒரு நீர்ப்பிரிமேட்டில் இருக்கிறது. ஹட்டன் ஓயாவில் விழும் மழை மகாவலியில் சேர்ந்து திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. முகட்டுக்கு அப்பால் டிக்கோயாப் பக்கம் விழுவது காசல்ரீ வழியே களனி கங்கையாகி, கொழும்புத் துறைமுகத்துக்குச் சற்று வடக்கே கடலில் கலக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியின் தெற்குச் சரிவு நீர் வளவை கங்கையில் சேர்ந்து அம்பலாந்தோட்டையில், அதாவது அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குச் சற்று மேற்கே, கடலைத் தொடுகிறது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறக்கும் கல்லோயா ஒலுவில் பக்கம் போகிறது. துறைமுகம் எங்கே என்று பேசும்போதெல்லாம் மலையகத்து மண்ணைப் பற்றியும் பேசுகிறோம்.

மலையிலிருந்து போவதில் இரண்டு வகை. 0.2 மில்லிமீற்றர் மணல்மணி நிலைநீரில் 10 மீற்றர் ஆழத்துக்கு விழ ஏழெட்டு நிமிடம் போதும். 0.02 மில்லிமீற்றர் வண்டலுக்கு ஏழெட்டு மணித்தியாலம் வேண்டும். ஆகவே மணல் கரையோரமாக உருண்டு அணையிலும் வாயிலிலும் சேரும்; வண்டல் மிதந்துபோய், நீர் அசையாத இடத்தில், அதாவது அணைக்குள்ளே கப்பலைக் கட்டி நிறுத்தும் இடத்திலேயே படியும். களிமண் உப்புநீரைத் தொட்டதும் ஒட்டித் திரண்டு இன்னும் வேகமாக விழும். அணைகட்டி அமைதியாக்கிய நீர் கப்பலுக்கு எவ்வளவு நல்லதோ, வண்டலுக்கும் அவ்வளவு நல்லது.

இனி இடங்களைப் பார்ப்போம். திருகோணமலையில் இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு வியப்பானது. மகாவலி கொட்டியாரக் குடாவில் கலந்தும் துறைமுகம் தூர்ந்துபோகவில்லை. குடாவுக்குள்ளேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, வெளியே ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆறு கொண்டுவரும் மண்ணின் ஒரு பெரும்பங்கு அதில் சரிந்து ஆழ்கடலுக்குப் போய்விடுகிறது. மணலை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் திருகோணமலைக்கே முதலிடம். ஆனால் 180 கடல் மைல் குறையாது. கோதுமை, சீமெந்து மூலப்பொருள், எரிபொருள் போன்ற, அந்த இடத்துக்கென்றே வரும் மொத்தச் சரக்குக்கு விலகல் தூரம் ஒரு பொருட்டல்ல. அதற்கு அது மிகப் பொருத்தமான துறைமுகம். கப்பல் மாற்று வணிகத்துக்கு அல்ல. "இயற்கைத் துறைமுகம்" என்ற பெருமையை மட்டும் சொல்லி அங்கே கொள்கலன் முனையம் கேட்பது சரியான வாதம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்பாந்தோட்டையில் வேறு வழி: நிலத்தை உலர்வாகத் தோண்டி, 2010 ஆகஸ்டில் கடல்நீரை உள்ளே விட்டார்கள். நீண்ட அணையைக் கடலுக்குள் கட்டும் செலவு இதனால் குறையும். அந்தச் செலவு சாதாரணமல்ல. சரிவான பக்கங்கள் கொண்ட கல் அணைக்கு ஆழம் இரட்டித்தால் கல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேண்டும்.

கொழும்புக்கு வாய்த்தது பெரும்பாலும் நல்லூழ். 1867இல் கண்டி ரயில் பாதை திறந்தது மலைநாட்டுக் கோப்பிக்காக. அது கொழும்பில் முடிந்ததால், 1875இல் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் அங்கே நடப்பட்டது. அதுவரை முதன்மைத் துறைமுகமாக இருந்த காலி, வாயிலில் பாறைகளும் பருவக்காற்று அலையும் வைத்துக்கொண்டு பின்தங்கியது. மணலை அளந்து யாரும் இடம் தெரிவு செய்யவில்லை. ஆனால் மேற்குக் கரையில் மணல் வடக்கே போகிறது, களனி முகத்துவாரமோ துறைமுகத்துக்கு வடக்கே இருக்கிறது. நம் மலை மண் வாயிலைத் தொடாமல் நீர்கொழும்பு நோக்கிப் போய்விடுகிறது. தென்னிந்தியாவில் புதிய துறைமுகத்துக்கு விழிஞ்ஞத்தைத் தெரிவு செய்தபோது, கரைக்கருகே இருக்கும் ஆழத்தோடு கரையோர மணல் நகர்வு குறைவு என்பதையும் ஒரு தகுதியாகக் கணக்கில் எடுத்தார்கள். 2024 முடிவில் வணிக இயக்கம் தொடங்கிய அத்துறைமுகம் இன்று கொழும்பின் நேரடிப் போட்டியாளர்.

புதிய கொள்கலன் முனையங்களைக் கொழும்பிலேயே, வடக்குப் பக்கமாக விரிக்கும் திட்டம் பேசப்பட்டு வருகிறது. தூரமும் சரக்கும் அதற்குச் சாதகம். ஆனால் வடக்கே போகப் போகக் களனி முகத்துவாரத்தை நெருங்குகிறோம். அந்த நல்லூழ் அங்கே முடிகிறது. வெள்ளக் காலத்தில் சேற்றுநீர் அணைக்குள் புகுந்தால் படியும். அணை மணலை மறித்தால், ஆற்றில் மணல் அள்ளியதால் ஏற்கெனவே மெலிந்துவிட்ட உஸ்வெட்டகெய்யாவ, நீர்கொழும்புக் கரைகள் மேலும் அரிக்கும். முகத்துவாரம் நெருக்கப்பட்டால் தாழ்நிலக் கொழும்பின் வெள்ளம் வடிய நேரமெடுக்கும்.

இவற்றுக்கு வழி உண்டு. அணைக்குத் தெற்கே சேரும் மணலைக் குழாய் வழியே வடக்கே இறைத்துக் கொட்டலாம். அதற்கு எத்தனை கன மீற்றர் என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்ல ஒரு முழு ஆண்டாவது, இரண்டு பருவக்காற்றுகளும் அடங்க, அலையின் உயரம், இரு அலைகளுக்கு இடைப்பட்ட காலம், திசை மூன்றையும் மிதவைக் கருவியால் பதிய வேண்டும். பருவம் தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் கடற்படுகையை அளந்து ஒப்பிட வேண்டும். ஆற்றில் வெள்ளம் ஏறும்போதே நீர் மாதிரி எடுத்து வண்டலை நிறுக்க வேண்டும். வெள்ளம் வடிந்தபின் எடுத்த மாதிரி ஆண்டுச் சுமையில் பெரும்பங்கைத் தவறவிடும்.

இந்த அளவீட்டுக்கு ஆகும் பணம், அணை கட்டும் பணத்தோடு ஒப்பிட மிகச் சிறியது. அப்படியும் நம் பல்கலைக்கழகங்களின் கரையோர ஆய்வுக்கும் ஆற்று வண்டல் பதிவுக்கும் தொடர்ச்சியான நிதி கிடைப்பதில்லை. திட்டம் வரும்போது அவசரத்துக்கு ஒரு பருவம் அளக்கிறார்கள். மலையகத்திலும் அளவு நிலையங்கள் தேவை. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல நீர்த்தேக்கங்கள் மகாவலி மண்ணின் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்வதால் இன்று கடலுக்குப் போவது பழைய கணக்கைவிடக் குறைவு. களனியின் மேல்பகுதியில் காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் அதையே செய்கின்றன. கான் தூர்ந்து, மூடுபயிர் இல்லாமல் கிடக்கும் சரிவுகளோ எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. இரண்டையும் கூட்டிக் கழித்து எஞ்சுவது எவ்வளவு என்ற எண்ணும், மணல் இறைக்கும் ஆண்டுச் செலவும் சாத்தியவள அறிக்கையின் முதற்பக்கத்திலேயே, ஆழத்துக்கும் தூரத்துக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும்.