சரம்: பைத்தானின் ‘ஸ்ட்ரிங்’குக்குத் தமிழில் என்ன பெயர்?

பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைக் கற்றுக்கொள்ள உட்காருகிற யாரும் முதல் நாளே கேட்டுவிடும் சொல் ‘ஸ்ட்ரிங்’. ஒற்றை மேற்கோளோ இரட்டை மேற்கோளோ, அதற்குள் எதை எழுதினாலும் ஸ்ட்ரிங்தான்: பெயர், முகவரி, கைப்பேசி எண், ஒரு முழுப் பத்தி, எதுவானாலும் சரி. சென்னையில் வேளச்சேரி, ஓ.எம்.ஆர் பக்கம் நடக்கிற பயிற்சி வகுப்புகளில் பேச்செல்லாம் தமிழில்தான், ஆனால் இந்தச் சொல் மட்டும் ‘ஸ்ட்ரிங்’ என்றே நிற்கும். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இதே சங்கதி ‘சரம்’ என்ற பெயரில் ஏற்கெனவே தெரியும், 2019இல் வந்த மாநிலப் பாடநூல் பைத்தானை அந்தச் சொல்லோடுதான் சொல்லிக்கொடுக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று வகுப்பில் யாராவது ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் போதும், தெரிந்த பாடத்திலேயே அவர்கள் திணறமாட்டார்கள்.

ஆங்கிலத்தில் ஸ்ட்ரிங் என்பது கயிறு, நாண், நரம்பு. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெங்’. கயிற்றில் கோத்தவை வரிசையாக இருப்பதால், வரிசையாக இருக்கும் எதற்கும் அந்தப் பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டு அச்சகங்களிலும் இந்தச் சொல் புழங்கியது: ஒருவர் கோத்த எழுத்துகள் காகிதத்தில் அச்சாகி வரும் நீளத்துக்கு ஸ்ட்ரிங் என்று பெயர், அந்த நீளத்தை அளந்துதான் கூலி. நாமும் ‘அச்சுக் கோத்தல்’ என்றுதானே சொல்கிறோம்? பூவைக் கோப்பதும் மணியைக் கோப்பதும் ஈய எழுத்தைக் கோப்பதும் தமிழுக்கு ஒரே வினைச்சொல். கணினிக்கு இந்தச் சொல் வந்த வழி வேறு, அது தர்க்கவியலும் கணிதமும். சி.ஐ. லூயிஸ் என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளர் 1918இலேயே கணித அமைப்பு ஒன்றைக் ‘குறிகளின் சரங்கள்’ என்று விவரித்தார். அந்தக் குறிகளுக்கு என்ன பொருள் என்று பார்க்க வேண்டியதில்லை, விதிப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பெற்றால் போதும் என்பது அவர் கருத்து. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

தமிழில் சரம் என்றால் கோத்த வரிசை. பூச்சரம், முத்துச்சரம், சரவெடி, விசேஷ நாளில் வாசலில் ‘சரம் சரமாய்’ தொங்கும் மாவிலைத் தோரணம் எல்லாம் இதில் அடக்கம். ‘சரமாரியாகக் கேள்வி கேட்டார்’ என்பதில் வருகிற சரம் வேறு, அது அம்பு. சரமாரி என்றால் அம்பு மழை. நம் சரத்துக்கு வடமொழியிலும் உறவு உண்டு, முத்துமாலையை அங்கே ‘மௌக்திகசர’ என்பார்கள். அதனால் இது தனித்தமிழ்தானா என்று சிலர் தயங்குகிறார்கள். மயிலாப்பூர் மாடவீதியில் பூ விற்கிற அம்மாவும் வாங்குகிறவரும் யோசிக்காமல் பயன்படுத்துகிற சொல் இது. எனக்கு அது போதும்.

வேறு சொற்களையும் எடுத்துப் பார்க்கலாம். ‘மாலை’ நல்ல சொல், ஆனால் மாலையின் இரண்டு முனைகளும் சேர்ந்துவிடும், ஸ்ட்ரிங்குக்கோ தொடக்கமும் முடிவும் தனித்தனியாக வேண்டும். ‘கோவை’ என்றால் ஊர் நினைவுக்கு வரும், இலங்கையில் அது கோப்பு. ‘இழை’யை நிரலாக்கத்தில் ‘த்ரெட்’டுக்குக் கொடுத்துவிட்டோம். ‘நூல்’ புத்தகமாகிவிட்டது. சரத்துக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு: பைத்தானில் ஒரு சரத்தை உருவாக்கிய பிறகு அதன் நடுவிலிருக்கும் ஒரு குறியை மட்டும் மாற்ற முடியாது, முயன்றால் பிழை வரும். இறுக்கிக் கட்டிய பூச்சரத்தில் நடுப் பூவை மட்டும் மாற்ற வேண்டுமென்றாலும் புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

இப்போது எனக்கு உண்மையிலேயே அக்கறையுள்ள இடத்துக்கு வருகிறேன். வெறும் ‘சரம்’ புரியாது என்று நினைத்துச் சிலர் ‘எழுத்துச்சரம்’ என்று எழுதுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் தமிழ் படித்த பிள்ளையை இது தவறான பக்கம் கொண்டுபோய்விடும். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? த, மி, ழ். மூன்று. அதையே பைத்தானிடம் கொடுத்து ‘லென்’ போட்டு நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள் தனித்தனியாக இருப்பதால் அந்த ஐந்தையும் அது எண்ணுகிறது. (பழைய பைத்தான் 2 காலத்தில் இன்னும் மோசம், யூனிகோடு குறிகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் எழுதிய ‘தமிழ்’ என்ற சரத்தின் நீளம் சாதாரணமாக 15 என்று வரும், ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணியது. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோதுதான் சரம் என்றாலே யூனிகோடு என்று ஆனது.)

இதன் விளைவைப் பார்க்க ஒரு சின்னப் பயிற்சி போதும். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரல், எல்லா வகுப்பிலும் கொடுப்பார்கள்: [::-1] என்று போட்டுச் சரத்தைத் திருப்பி மூலத்தோடு ஒப்பிட வேண்டியதுதான். ‘விகடகவி’யைக் கொடுத்துப் பாருங்கள். தமிழ்க் குழந்தை எல்லாம் அறிந்த அந்தச் சொல்லுக்குப் பைத்தான் ‘இல்லை’ என்கிறது. திருப்பும்போது கடைசி இகரக் குறி முன்னால் வந்து ஒட்ட இடமில்லாமல் நிற்கிறது, முதல் ‘வி’யின் இகரமோ ககரத்தோடு ஒட்டிக்கொண்டு ‘கி’ ஆகிவிடுகிறது. முன்னும் பின்னும் ஒன்றாக வரும் பாட்டுக்கு ‘மாலைமாற்று’ என்று பெயர் வைத்த மொழி நம்முடையது, 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் சீர்காழியைப் பற்றி அப்படி ஒரு முழுப் பதிகமே பாடியிருக்கிறார். அந்த மொழியில் படித்துவிட்டு வரும் பிள்ளை, தன் நிரலில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. நிரலில் தப்பே இல்லை. பைத்தானின் சரம் லூயிஸ் சொன்ன மாதிரி குறிகளின் சரம், தொல்காப்பியம் சொல்கிற எழுத்துகளின் சரம் அல்ல. இதைச் சொல்லிவிட்டு, ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நிரலகத்தை (லைப்ரரி) காட்டலாம். அதில் ஒரு சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது. பிரித்துப் பட்டியலாக வாங்கி அந்தப் பட்டியலைத் திருப்பினால் விகடகவி சரியாக வரும்.

அதனால் என் பரிந்துரை: தனியாக ‘சரம்’ என்றே சொல்லுங்கள். விளக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ‘குறிச்சரம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு மறுபடி சரத்துக்கே வந்துவிடலாம். அதிலிருந்து மற்றவை தாமாகவே கிடைக்கும்: ஒரு சரத்துக்குள் இருக்கும் துண்டு ‘துணைச்சரம்’, கூட்டல் குறி போட்டுச் சேர்ப்பது ‘சரங்களை ஒட்டுதல்’, உள்ளே எதுவுமே இல்லையென்றால் ‘வெற்றுச்சரம்’. அப்புறம், பிழைச் செய்தியில் ‘ஸ்ட்ர்’ என்று மூன்றே ஆங்கில எழுத்தில் வருவதும் இதே சரம்தான் என்பதை முதல் வகுப்பிலேயே பலகையில் எழுதிக் காட்டிவிடுங்கள்.