வட்டம்: மீந்த வெளிநாட்டுப் பணத்தை மாத்தும்போது கேக்கவேண்டிய வார்த்தை

எங்க மாமா சிங்கப்பூர்ல பொண்ணு வீட்ல ரெண்டு மாசம் இருந்துட்டு காலடிப்பேட்டைக்கு வந்து சேர்ந்தார், செலவு போக கையில 340 டாலர் நோட்டும் கொஞ்சம் சில்லறையும் மீந்துபோச்சு, ஏர்போர்ட்லயே மாத்திடலாம்னு ஒரு கவுன்டர் வரைக்கும் போனவர் போர்டைப் பாத்துட்டு திரும்பி வந்துட்டார். "கமிஷன் கெடையாதுன்னு பெருசா எழுதி வெச்சிருக்காங்கடா, ஆனா வட்டம் ஜாஸ்தி"ன்னார். எனக்கு வட்டம்னா ரவுண்டு, இல்லன்னா தாலுக்கா, திருவொற்றியூர் வட்டம் மாதிரி. பணத்துக்கு இன்னா வட்டம்?

மாமாவோட நைனா சவுகார்பேட்டைல ஒரு சேட்டு கடைல கணக்கு எழுதினவர். அவங்க பேச்சுல, ஒரு பணத்தைக் குடுத்து இன்னொரு பணம் வாங்கும்போது நடுவுல மாத்தறவர் புடிச்சிக்கற தொகைதான் வட்டம். பாரீஸ் கார்னர்ல ரோட்டோரம் உக்காந்து கிழிஞ்ச நோட்டு மாத்தித் தருவாங்களே, 100 ரூபா நோட்டு குடுத்தா 90 தருவாங்க, அந்த 10 ரூபாதான் வட்டம். பழைய தமிழ் அகராதிங்கள்லயும் வட்டம்ங்கற சொல்லுக்கு நாணயம் மாத்தறதுல வர்ற கழிவுன்னு ஒரு பொருள் இருக்கு. தெலுங்குல வட்டமு, கன்னடத்துல வட்ட, ரெண்டுக்கும் இதே பொருள் உண்டு, இந்தில பட்டா. கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளக்காரங்க இந்த பட்டாவைத்தான் இங்கிலீஷ்ல batta-ன்னு எழுதி வெச்சாங்க. டிரைவர் பேட்டான்னு சொல்றோமே அது வேற சொல்லு, அதுக்கு தமிழ்ல படி, ஆனா வெள்ளக்காரங்க வாயில ரெண்டும் ஒரே சத்தமாயிடுச்சுன்னு இந்தியால வெள்ளக்காரங்க புழங்கின சொல்லுங்களுக்குன்னே 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே சொல்லுது.

இந்த சொல்லு நம்ம ஏரியாவுல புழங்கினதுக்கு காரணம் இருக்கு. ஒரு காலத்துல மெட்ராஸ்ல வராகன், பணம், காசுன்னு மூணு நாணயம் ஓடுச்சு, ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. இதுக்கு மேல வடக்கேர்ந்து ரூபாய் வேற வரும், ஊருக்கு ஊரு அச்சு வேற, எடை வேற, தேஞ்ச காசு வேற, அதனால எதைக் குடுத்து எதை வாங்கினாலும் வட்டம் பேசித்தான் ஆகணும். 1818லதான் இங்க வெள்ளி ரூபாய் பொது நாணயம் ஆச்சு, 100 வராகனுக்கு 350 ரூபாய்ன்னு கணக்கு வெச்சாங்க. நாணயம் அடிச்ச தங்கசாலை பேர்லதான் இன்னிக்கும் மின்ட் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லாம் கூப்புடறோம்.

அப்போ காசை கையில வாங்கி தட்டிப் பாத்து, ஒரசிப் பாத்து நல்லதா கெட்டதான்னு சொல்ற ஆளுக்கு நோட்டக்காரர்னு பேரு, அவர் செய்யற வேலை நோட்டம். நாம இப்போ "என்னடா நோட்டம் வுடற"ங்கறதுல இருக்கறதும் அதே நோட்டம்தான். இன்னும் பழைய பேரு வண்ணக்கர், சங்கப் புலவர்கள்ல வடம வண்ணக்கன்னு பட்டத்தோடவே ஒருத்தர் இருக்கார். பணம் மாத்தறவரை ஷராப்னும் சொல்வாங்க, அது அரபில இருந்து வந்தது, துபாய்ல இருந்தவங்களுக்கு எக்ஸ்சேஞ்ச் கடை போர்டுல ஸிராஃபான்னு படிச்ச ஞாபகம் இருக்கும், அதே வேர்தான். நோட்டம், வண்ணக்கர்னு இவ்ளோ நல்ல சொல்லை வெச்சிக்கிட்டு மணி சேஞ்சர்னு மட்டும் சொல்லிட்டிருக்கோம்னு எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கு.

சரி, இப்போ போர்டுக்கு வருவோம். எந்தக் கடையிலயும் ஒரு நாட்டு பணத்துக்கு ரெண்டு ரேட்டு இருக்கும், பையிங், செல்லிங். தமிழ்ல வாங்கு விலை, விற்பு விலை. வாங்கறதும் விக்கறதும் கடைக்காரர்தான், நாம இல்ல, அதனால மீந்த டாலரை நீட்டறப்ப நமக்கு வர்றது வாங்கு விலை, அதாவது குறைச்சலான ரேட்டு. நெறைய பேர் பெரிய நம்பரைப் பாத்துட்டு உள்ள போயி ஏமாந்துபோறாங்க. கணக்கு சுலபமா இருக்கட்டும், ஒரு சிங்கப்பூர் டாலர் நடு ரேட்டு, அதான் கூகுள்ல காட்டறது, 60 ரூபான்னு வெச்சிக்குங்க, கடை வாங்கறது 58, விக்கறது 62ன்னா நம்மகிட்ட டாலருக்கு 2 ரூபா வட்டம். மாமாவோட 340 டாலருக்கு 680 ரூபா. இன்னொரு கடை 56.50 தர்றான்னா வட்டம் 1,190. ரெண்டு கடைலயும் "கமிஷன் இல்ல" போர்டு தொங்கும், ரெண்டும் பொய் இல்ல, எடுக்கறதை ரேட்டுக்குள்ளயே எடுத்துட்டாங்க. அதனாலதான் ரேட் எவ்ளோன்னு கேக்காம வட்டம் எவ்ளோன்னு கேக்கணும்ங்கறேன், நடு ரேட்டை மொபைல்ல தெறந்து வெச்சிக்கிட்டு கேளுங்க.

மறுநாள் மாமாவும் நானும் வண்ணாரப்பேட்டைல மெட்ரோ ஏறி மண்ணடில எறங்கி நாலு கடை ஏறினோம். மூணாவது கடை பாய் நோட்டை ஒவ்வொண்ணா வெளிச்சத்துல புடிச்சி, கட்டை விரலால ஓரத்தை தடவி, 50 டாலர் நோட்டெல்லாம் ஒரு பக்கம், 2 டாலர் நோட்டெல்லாம் ஒரு பக்கம் பிரிச்சி வெச்சார். கண்ணு முன்னாடி நோட்டம் நடக்குது! சின்ன நோட்டுக்கு டாலருக்கு 50 பைசா கம்மின்னார். மாமா விடல, "பாய், மொத்தமா குடுக்கறேன், ஒரே வட்டமா போடுங்க"ன்னார், பாய் சிரிச்சிட்டு ஒத்துக்கிட்டார். பேசினா கொறைப்பாங்க, போர்டுல இருக்கறது பேச்சோட ஆரம்பம்தான். நோட்டை வாங்கி வெக்கற கடை அதை இன்னொரு பயணிக்கு வித்தாத்தான் காசு, அதனால அமெரிக்க டாலர், சிங்கப்பூர் டாலர், துபாய் திர்ஹாம் மாதிரி ஓடற பணத்துக்கு வட்டம் கம்மி, யாரும் கேக்காத பணத்துக்கு ஜாஸ்தி.

பில் கேட்டு வாங்குங்க. ரிசர்வ் வங்கி லைசன்ஸ் கடைல மாட்டி இருக்கணும், அது இல்லாத ஆளுகிட்ட மாத்தறது 1999 ஃபெமா, அதாவது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தப்பு, நாளைக்கு கள்ள நோட்டுன்னு ஒண்ணு வந்தா கேக்க ஆள் இருக்க மாட்டாங்க. பில்லுல ஜிஎஸ்டி தனியா வரும், 25,000 ரூபா வரைக்கும் வழக்கமா 45 ரூபா, இது வட்டத்துல சேராது, கேட்டு பயப்படாதீங்க.

இன்னொண்ணு, மாத்தியே ஆகணும்னு இல்ல. 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைக்கும் வெளிநாட்டு நோட்டை வீட்லயே வெச்சிக்கலாம், அதுக்கு மேல இருக்கறதைத்தான் திரும்பி வந்த 180 நாளுக்குள்ள குடுக்கணும். அடுத்த வருசம் திரும்ப போறவங்க அப்படியே வெச்சிக்கிட்டா ரெண்டு பக்க வட்டமும் மிச்சம்.

நாணயத்தை எந்தக் கடையும் வாங்கல, சில்லறையா எவ்ளோ வேணா வெச்சிக்கலாம்னு ரிசர்வ் வங்கியும் சொல்லுது. அந்த சில்லறை மாமி கடுகு டப்பா பக்கத்துல ஒரு சின்ன டப்பால இருக்கு, பேத்தி லீவுக்கு வந்தா குடுக்கறதுக்கு.