மழைநீர்: வீட்டுக்குச் சட்டம், தெருவுக்குப் பணம்

வீட்டில் மழைநீர் சேகரிப்பு அமைக்க அரசு எவ்வளவு மானியம் தரும் என்று கேட்பவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் இதை மானியத் திட்டமாக நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சொந்த வீட்டைப் பொறுத்தவரை இது சட்டம் விதித்த கடமை, செலவு வீட்டுக்காரருடையது. அரசுப் பணம் இருப்பது குளம், பூங்கா போன்ற பொது இடங்களுக்கு. அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கும் வழி இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் கடமை. 2003இல் நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி, புதுக் கட்டடம், பழைய கட்டடம் என்ற வித்தியாசமில்லாமல் எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். உரிமையாளர் அமைக்காவிட்டால் உள்ளாட்சி அமைப்பு நோட்டீஸ் கொடுத்துத் தானே அமைத்து, செலவைச் சொத்து வரிப் பாக்கி போல வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் அந்தத் திருத்தம் இடம் கொடுத்தது. புதிதாகக் கட்டுபவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் இதே கட்டாயம் உண்டு. பெரிய கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று தரும்போது அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். சின்ன வீடுகளுக்கு நிறைவுச் சான்றே தேவையில்லை என்பதால், வரைபடத்தில் இருக்கும் மழைநீர்க் குழி தரையில் இல்லாமல் போவது அங்கேதான் அதிகம். சட்டத்தின் ஓட்டை என்றால் என் கணக்கில் இதுதான் பெரியது.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை கொட்டினால் 9,000 லிட்டருக்கு மேல்; கோடையில் காசு கொடுத்து வாங்கும் ஒரு லாரித் தண்ணீர் அது. சென்னையின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மி.மீ. ஆவியாவது, வழிவது போக அந்த மாடியிலிருந்து வருடத்துக்கு ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும்.

அதை எங்கே விடுவது? மாடிக் குழாயை ஒரு வடிகட்டித் தொட்டி வழியாகச் சம்ப்புக்கோ பழைய கிணற்றுக்கோ கொண்டு போவது உத்தமம். தொட்டியில் கீழே கூழாங்கல், மேலே மணல். முதல் மழையில் மாடித் தூசியும் காக்கை எச்சமும் சேர்ந்து வரும். அதை வெளியே விட ஒரு வால்வு வைத்துக்கொள்ளுங்கள். கிணறு இருந்தும் அதைக் குப்பை போட்டு மூடிவிட்டு, பக்கத்திலேயே புதுக் குழி வெட்டுபவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கிணறு இல்லாத வீட்டில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் குழி எடுத்து, கூழாங்கல்லோ செங்கல் ஜல்லியோ நிரப்பினால் கசிவுநீர்க் குழி. பெசன்ட் நகர் மாதிரி கடலோர மணல் பகுதிக்கு இது போதும். களிமண் பகுதியில் இதே குழி இரண்டு மழையில் குட்டையாகிவிடும். அங்கே குழியின் அடியில் பத்துப் பதினைந்து அடிக்கு ஒரு துளை போட்டு, களிமண் அடுக்கைத் தாண்டி நீரை இறக்க வேண்டும். ஒரே வரைபடத்தை ஊர் முழுக்க நகலெடுத்ததால் வீணான குழிகள் ஏராளம்.

வருடா வருடம் புரட்டாசிக்குள் குழியைக் கிளறி, மண்டிய சேற்றை எடுத்து, மணலைக் கழுவிப் போட வேண்டும். இன்னொன்று: மாடிக் குழாயைப் பாதாளச் சாக்கடையில் சேர்த்துவிடாதீர்கள். மழை நாளில் தெருவில் சாக்கடை பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அதேபோல வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடுவதும் விதிமீறல். சென்னையில் வடிகால் அடைப்புக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லலாம்.

இனி பணம். நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வசதிக்கான ஒன்றிய அரசின் அம்ருத் 2.0 திட்டம் 2021 அக்டோபர் 1 அன்று, ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கியது; இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். நீர்நிலை மீட்பும் பூங்கா அமைப்பும் இதில் அடக்கம். ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குத் திட்டச் செலவில் பாதியையும், ஒன்று முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கையும், அதற்கு மேல் கால் பங்கையும் ஒன்றிய அரசு தரும். மீதி மாநிலமும் உள்ளாட்சியும். வடிகால் வழியாக மழைநீரைக் குளத்துக்குக் கொண்டு வரும் வேலைக்கும் இதில் இடமுண்டு. ஆனால் அந்தக் குளத்தில் சாக்கடை கலக்கக் கூடாது. நம் ஊர்க் குளங்கள் பல இந்த ஒரு நிபந்தனையிலேயே மாட்டிக்கொள்ளும். தனி ஆளோ சங்கமோ நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. நகராட்சிதான் திட்டம் தயாரித்து அனுப்ப வேண்டும். வார்டில் பகுதி சபை, அதாவது அந்தப் பகுதி மக்களின் கூட்டம், கூடும்போது குளத்தின் பெயரைச் சொல்லித் தீர்மானத்தில் ஏற்றுங்கள்.

மக்கள் நேராகக் கை வைக்கக்கூடியது மாநில அரசின் நமக்கு நாமே திட்டம். 2021இல் நகர்ப்புறத்துக்கும் புதுப்பித்துத் தொடங்கினார்கள். பொதுவாக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு போடும். குடியிருப்போர் சங்கம், வியாபாரிகள், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் என்று யாரும் பங்கு தரலாம். நீர்நிலை வேலைக்கு மக்கள் பங்கு கூடுதலாகக் கேட்கப்படலாம். அதனால் வசூலில் இறங்குமுன் மாநகராட்சி அல்லது நகராட்சிப் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கிவிடுங்கள். வசூலித்த பிறகு தொகை போதவில்லை என்று மறுபடி வீடு வீடாக ஏறினால் யாரும் கதவு திறக்க மாட்டார்கள்.

எந்த இடத்தில் வேலை? உங்கள் மனைப்பிரிவின் பூங்கா நிலத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்காக உள்ளாட்சிக்குத் தானமாகப் பதிந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலத்தில் கட்டாந்தரையும் செடி வரிசையும் மட்டும் இருந்தால், நடுவில் தாழ்வான குளம் எடுத்துச் சுற்றுத் தெரு நீரை உள்ளே இறக்கலாம். சென்னை மாநகராட்சி 'ஸ்பாஞ்ச் பார்க்' என்ற பெயரில் பூங்காக்களில் செய்திருப்பது இதைத்தான். நிலம் எங்கே போனது என்றே தெரியாவிட்டால், அங்கீகரித்த மனை வரைபட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆணையர் பெயருக்கு எழுதும் மனுவில் சர்வே எண், இடத்தின் படம், தண்ணீர் எந்தத் தெருவிலிருந்து வருகிறது, நிரம்பினால் எங்கே வழியும் என்ற கைவரைபடம் இருந்தால் பொறியாளருக்கு வேலை பாதி குறையும். தை, மாசியிலேயே கொடுத்துவிடுங்கள். மதிப்பீடு, அனுமதி, டெண்டர் எல்லாம் முடிந்து வெயில் காலத்தில் மண் வெட்டினால்தான் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடியும்; ஐப்பசியில் கொடுத்த மனு அடுத்த வருட மழைக்குத்தான் உதவும்.