ஃபாஸ்ட்-மாத்தை மேக்.கான்ஃபில் போடாதீர்கள்

கொழும்பில் ஜென்டூ லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கப் போனால் நான் முதலில் திறப்பது மேக்.கான்ஃப் கோப்பைத்தான். ஜென்டூவில் நிரல்களை மூலக்குறியீட்டிலிருந்து நம் கணினியிலேயே கம்பைல் செய்கிறோம்; அப்போது கம்பைலருக்குக் கொடுக்கும் விருப்பங்களான ஃப்ளாக்குகள் இந்தக் கோப்பில்தான் இருக்கும். அதில் வழக்கமான மேம்படுத்தல் நிலையான ஓ2 இருந்தால் நிம்மதி. ஓஃபாஸ்ட் அல்லது, வேகத்துக்காகத் தசம எண் கணக்கின் விதிகளைத் தளர்த்தும் ஃபாஸ்ட்-மாத் இருந்தால், மற்ற வேலைக்கு முன் அதை எடுத்துவிடச் சொல்வேன். ஓஃபாஸ்டுக்குள்ளும் ஃபாஸ்ட்-மாத் இருக்கிறது.

இந்த ஃப்ளாக்கைக் கொடுத்தால், என்ஏஎன், அதாவது 'எண் அல்ல' என்ற மதிப்பு வரவே வராது என்று ஜிசிசி கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அதற்கான சோதனைகளை நீக்கியும் விடலாம். களனி ஆற்றின் நாகலகம் வீதி நீர்மட்டத்தை ஆராயும் ஒரு நிரலை நினைத்துப் பாருங்கள். அளவீடு கிடைக்காத மணிநேரங்களை அது என்ஏஎன் என்று குறித்து ஒதுக்குகிறது. சோதனை போய்விட்டால் அவையும் அபாய மட்டத்தோடு ஒப்பிடப்படும். என்ஏஎன் எந்த எண்ணையும்விடப் பெரிதல்ல; ஆகவே அந்த மணிநேரங்கள் 'அபாயமில்லை' கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் வராது. எனக்குப் பயம் அதுதான்.

ஜிசிசி 12 வரை இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த ஃப்ளாக்கோடு லிங்க் செய்த ஒரு ஷேர்ட் லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கோப்பு), எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) கணினிகளில், தன்னை ஏற்றும் நிரலிலேயே மிகமிகச் சிறிய எண்களைப் பூச்சியமாக்கிவிடும். 2023இல் வந்த ஜிசிசி 13 இதை நிறுத்தியது.

சரி, ஒரு பேக்கேஜுக்கு மட்டும் ஓ2வைவிடத் தீவிரமான ஓ3 வேண்டுமென்றால்? ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளரான போர்ட்டேஜின் அமைப்புக் கோப்புறைக்குள் என்வ் என்ற கோப்புறையில் ஒரு சிறு கோப்பு எழுதுங்கள். பேக்கேஜ்.என்வ் கோப்பில் பேக்கேஜின் பெயரையும் அந்தக் கோப்பின் பெயரையும் ஒரே வரியில் போடுங்கள். பலர் இங்கே பொது ஃப்ளாக்குகளுக்கான காமன்_ஃப்ளாக்ஸ் மாறியை மட்டும் மாற்றிவிட்டு விடுகிறார்கள். அது போதாது, சி, சி++ மொழிகளுக்கான சிஃப்ளாக்ஸ், சிஎக்ஸ்எக்ஸ்ஃப்ளாக்ஸ் இரண்டையும் அதே கோப்பில் மறுபடி எழுத வேண்டும். நினைவகம் போதாமல் நடுவில் நின்றுவிடும் பெரிய பேக்கேஜுக்கு, ஒரே நேரத்தில் எத்தனை கம்பைல் வேலைகள் ஓடலாம் என்று சொல்லும் மேக்ஆப்ட்ஸையும் இதே வழியில் குறைக்கலாம்.

கம்பைல் செய்யும் கணினியின் சிபியுவுக்கே ஏற்ப நிரலைக் கட்டச் சொல்லும் மார்ச்=நேட்டிவ் ஃப்ளாக் பற்றியும் ஒரு வார்த்தை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வெவ்வேறு ஆண்டுகளில் வாங்கிய கணினிகள் ஒரே அலுவலகத்தில் இருக்கும். புதியதில் கம்பைல் செய்து பழையதற்குக் கொண்டுபோனால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நிரல் விழக்கூடும். அங்கே எல்லாக் கணினிக்கும் பொதுவான எக்ஸ்86-64-வி2 போன்ற சிபியு நிலையை மார்ச் மதிப்பாகப் போடுங்கள்.

அப்புறம், ஃப்ளாக் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். சில ஈபில்டுகள் (பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்புகள்) நீங்கள் கொடுத்ததை வடிகட்டிவிடும். போர்ட்டேஜின் எமெர்ஜ் கட்டளைக்கு இன்ஃபோ விருப்பத்தையும் பேக்கேஜ் பெயரையும் கொடுத்தால், அது எந்த அமைப்பில் கட்டப்பட்டது என்று தெரியும்.