ஊசியில் வராத 'நீர்'

"சாப்பாடு குறைஞ்சுதான் போச்சு டாக்டர், வயிறு மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு" என்றார் அந்த அம்மா. ஐம்பதைத் தாண்டியவர். கை கால் மெலிந்திருந்தது; ஒரே வருஷத்தில் இரண்டு முறை பாவாடை நாடாவை நீளமாக மாற்றியிருக்கிறார். வீட்டில் தொப்பை என்றார்கள். அப்புறம் ஓர் இடத்தில் வயிற்றில் நீர் என்று ஊசி போட்டு இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். சொட்டுகூட வரவில்லை.

எனக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான். நீராக இருந்தால் ஊசியில் வந்துவிடும். ஆறி இறுகிய ஜவ்வரிசிக் கஞ்சி எப்படி வரும்?

இதன் பெயர் சூடோமிக்ஸோமா பெரிடோனை. பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஓரிருவருக்கு வரும் அளவுக்கு அரிது. பெரும்பாலும் குடல்வாலில் தொடங்குகிறது. அங்கே வளரும் சிறு கட்டி சளி போன்ற திரவத்தைச் சுரக்கும்; குடல்வால் வெடித்தால் அந்தச் செல்கள் வயிறு முழுக்கப் பரவி, போன இடமெல்லாம் ஜெல்லியைச் சுரக்கும். வயிற்றைத் தாண்டிப் போவது குறைவு என்பது ஓர் ஆறுதல்.

ஆண்களில் சிலருக்குப் புதிதாக வந்த ஹெர்னியா (குடலிறக்கம்)தான் முதல் அடையாளம். பெண்களுக்கு சினைப்பைக் கட்டி என்று ஸ்கேனில் தெரியும். அதை மட்டும் எடுத்துவிட்டுக் குடல்வாலைப் பார்க்காமல் விடுவதும் நடக்கிறது.

பரவிவிட்டது என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த நோயில் அப்படியில்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் எடுத்துவிட்டு, சுமார் 42 டிகிரிக்குச் சூடாக்கிய கீமோ மருந்தை வயிற்றுக்குள்ளேயே ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சுழலவிடுவோம். பெரிய ஆபரேஷன், ஒரு நாள் பொழுதே போய்விடும். இப்படிச் சிகிச்சை பெற்ற 2,298 பேரைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வில், பத்து ஆண்டு உயிரோடிருந்தவர்கள் 63 சதவீதம். செல்கள் வேகமாக வளரும் வகையாக இருந்தாலோ, கட்டியை முழுதாக எடுக்க முடியாமல் போனாலோ இந்தக் கணக்கு மாறும். திரும்பியும் வரலாம், அதனால் வருஷக்கணக்கில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு ஐந்து வருஷத்துக்கு முன்பே குடல்வால் ஆபரேஷன் ஆகியிருந்தது. எடுத்த குடல்வாலைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே என்று கேட்டேன். "தையல் பிரிச்சதும் வந்துட்டோம் டாக்டர், அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது" என்றார் மகன். உங்கள் வீட்டில் யாருக்காவது குடல்வால் எடுத்திருந்தால், அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். 'மியூசின்' (அந்தச் சளி போன்ற திரவம்தான்) என்ற வார்த்தை அதில் இருந்தால் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் காட்டுங்கள்.