பாட்டினா: பழுப்பெல்லாம் துருவல்ல

படைகள் கழித்துவிட்ட பழைய ரைஃபிள்களைச் சேகரிப்பவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் ‘பாட்டினா’ (patina). நாள்பட மேற்பரப்பில் ஏறும் நிறப் படலம் என்று பொருள். ‘நல்ல பாட்டினா ஏறியிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் துப்பாக்கிக்கு மதிப்பு கூடும். அதையே இன்னொருவர் ‘துருப்பிடித்துக் கிடக்கிறது’ என்றால் மதிப்பு விழும். இருவரும் பார்ப்பது ஒரே பழுப்பைத்தான். விற்பவருக்கு இந்தச் சொல் ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்பது இதிலேயே புரிந்துவிடும்.

லத்தீன் மொழியில் பாட்டினா என்றால் ஆழமில்லாத தட்டு அல்லது வட்டில். அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் ‘பட்டானே’ என்றொரு சொல் உண்டு, அதுவும் தட்டுதான். முழங்கால் சில்லை மருத்துவர்கள் ‘பட்டெல்லா’ என்பது இதே குடும்பத்துச் சொல். சின்னத் தட்டு என்று பொருள். தட்டைக் குறித்த சொல் மேற்பரப்பின் நிறத்துக்கு எப்படி வந்தது? பழைய உலோகத் தட்டுகளின் மேல் படியும் படலத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கேட்கப் பொருத்தமாக இருக்கிறது, உறுதி சொல்ல முடியாது. எழுத்தில் தெளிவாகக் கிடைக்கும் சான்று இத்தாலியில்தான். ஃபிலிப்போ பால்டினுச்சி 1681இல் வெளியிட்ட கலைச்சொல் அகராதியில், காலம் ஓவியங்களின் மேல் ஏற்றும் பொதுவான கருமையைப் பாட்டினா என்கிறார். அதாவது கலையுலகில் இந்தச் சொல் ஓவியத்தோடும் ஒட்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்கு வந்தபோது பழைய வெண்கலத்தின் பச்சைப் படலத்தைக் குறித்தது. மரச்சாமான், தோல், துப்பாக்கி எல்லாம் அப்புறம் சேர்ந்துகொண்டவை.

வெண்கலத்திலிருந்து இரும்புக்குச் சொல் தாவியபோதுதான் சிக்கல் வந்தது. செம்பின் மேல் படியும் பச்சைப் படலம் பெரும்பாலும் இறுகி நின்று அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். இரும்பின் செந்துரு அப்படியில்லை. அது பொலபொலவென்று உதிரும். ஈரத்தை உள்ளே விடும். அடியில் குழி பறிக்கும். ஆனால் இரும்புக்கு இன்னொரு ஆக்சைடும் உண்டு. காந்தக்கல்லில் இருக்கும் கருப்பு ஆக்சைடு அது. மெல்லியதாக, இறுக்கமாகப் படியும். துப்பாக்கிக்கு நீலமேற்றுவது என்று சொல்கிறார்களே, அது இந்தக் கருப்புப் படலத்தை வேண்டுமென்றே வரவழைப்பதுதான். பழைய முறையில் குழலை முதலில் துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் போட்டு, செந்துருவைக் கருந்துருவாக மாற்றி, மேலே எஞ்சிய பொடியைத் தேய்த்து எடுப்பார்கள். இதையே திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய நிறம் ஆழமாகும்.

இந்த நீலம் பல பத்தாண்டுகளில் தேய்ந்து, மெல்ல ஆக்சிஜனேற்றமாகி, சாம்பலாகவோ பழுப்பாகவோ நாவல்பழ நிறமாகவோ திரும்புகிறது. மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், முத்திரை எழுத்துகள் கூர்மையாக நிற்கும், விரலில் எதுவும் ஒட்டாது. சேகரிப்பவர் பாட்டினா என்று சொல்ல வேண்டியது இதைத்தான். எண்ணெய் தோய்த்த வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் துடைத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். துணியில் செங்கல் நிறம் வந்தால் துரு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்தியே ஆக வேண்டும். பழமை என்று பெயர் வைத்துப் பாதுகாப்பதில் பொருளில்லை.

தரம் பிரிப்பவர்கள் இதை எப்படி எடைபோடுகிறார்கள் என்று பார்த்தால் சொல்லின் மதிப்பு இன்னும் விளங்கும். அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் பழம்பொருள் துப்பாக்கிகளுக்கு வகுத்த தர அளவுகளில் ‘மிகச் சிறப்பு’ என்ற நிலைக்கு 80 சதவீதத்துக்கு மேல் மூலப் பூச்சு இருக்க வேண்டும். அதற்கடுத்த நிலைக்கு 30 சதவீதத்துக்கு மேல். அதற்கும் அடுத்தது ‘மிக நன்று’. இதற்குப் பூச்சு கொஞ்சமும் இல்லாமல்கூட இருக்கலாம். உறுப்புகள் எல்லாம் மூல உறுப்புகளாக, உலோகம் வழவழப்பாக, விளிம்புகள் கூராக இருந்தால் போதும். மேலே தேய்த்துச் சுத்தம் செய்ததோ, மறுபடி நீலமேற்றியதோ அதற்கும் கீழே ‘நன்று’ வரிசைக்குப் போய்விடுகிறது. முழுப் பூச்சையும் காலம் தின்றுவிட்ட துப்பாக்கி, பளபளவென்று புதுப்பித்த துப்பாக்கிக்கு ஒரு படி மேலே நிற்கிறது! புதிதாக இந்தப் பக்கம் வருபவர்களுக்கு இது நம்பமுடியாததாக இருக்கும். காரணம் எளிது: தேய்த்துப் பளபளப்பாக்கும்போது விளிம்பு மழுங்குகிறது, திருகுத் துளைகளின் ஓரம் குழிகிறது, ஆய்வு முத்திரைகள் கரைகின்றன. பூச்சை மறுபடி போடலாம், போன உலோகம் திரும்பாது. துப்பாக்கியின் மர உடலான கட்டையை உப்புத்தாளால் தேய்த்தாலும் இதே கதைதான். மரத்தில் குத்திய முத்திரைகள் போனால் போனதுதான்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. படைக்கலச் சாலையே செய்த புதுப்பிப்பு வேறு கணக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் படைக்கலச் சாலைகள் தங்கள் படையின் மோசின்-நாகாந்த் ரைஃபிள்களைப் பிரித்து, மறுபடி நீலமேற்றி, கட்டைக்கு அரக்குப் பூச்சு கொடுத்து, உறுப்பு எண்களை ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மாற்றிக் குத்திக் கிடங்கில் அடுக்கின. பிரிட்டிஷ் படை ரைஃபிள்களான லீ-என்ஃபீல்டுகளில் முழுப் பழுதுபார்ப்பு நடந்ததற்கான முத்திரையே குத்தியிருப்பார்கள். இவை அந்தத் துப்பாக்கியின் பணி வரலாற்றைச் சேர்ந்தவை. ஆகவே குறையாகக் கொள்ளாமல் தனி வகையாகவே மதிப்பிடுகிறார்கள்.

பாட்டினாவுக்கு விலை இருப்பதால் போலியும் உண்டு. அமிலம் தடவிப் பழுப்பேற்றலாம், உடனடி நீலத் திரவம் பூசலாம். கண்டுபிடிக்க நிறத்தை விட்டுவிட்டுத் தேய்வு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உண்மையான தேய்வு கை போகும் வழியில் போகும்: தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடிக் குமிழ், ஒற்றைக் கையில் தூக்கும்போது பிடி விழும் எடைநடுப் பகுதி, உறையிலும் தாங்கியிலும் உரசும் குழல்முனை. கை எட்டாத மூலைகள் நிறம் குறையாமல் இருக்க வேண்டும். மூலையும் முனையும் ஒரே சீராகப் பழுத்திருந்தால் சந்தேகப்படலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் நினைவுக்கு வருவது ‘களிம்பு’. செம்பின் மேல் படியும் பச்சைக்கு நம்மிடம் உள்ள நல்ல பழஞ்சொல். ஆனால் இங்கே அது பொருந்தாது. சைவ சித்தாந்தத்தில் செம்போடு கூடப் பிறந்த களிம்புதான் உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கு உவமை. களைய வேண்டியது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே ஊறிவிட்டது. போதாததற்கு மருந்துக் களிம்பு வேறு இருக்கிறது. ‘துரு’, ‘கறை’ இரண்டும் குற்றம் சொல்லும் சொற்கள். ‘காலப்படலம்’, ‘பழமைப் படலம்’ இரண்டும் பொருளைச் சரியாகச் சொல்கின்றன. நூலிலோ அருங்காட்சியகக் குறிப்பிலோ தாராளமாக எழுதலாம். ஆனால் அவற்றில் பாராட்டு இல்லை, பாட்டினாவில் பாராட்டு இருக்கிறது.

என் பரிந்துரை ‘முதுமெருகு’. முதுமொழி, முதுமரம் போல அமைந்த கூட்டு. மெருகு என்றாலே விரும்பத்தக்க ஒளி. முது சேர்ந்ததும் அது கடைசல் பட்டறையில் ஏற்றியதல்ல, நாள்பட ஏறியது என்று ஆகிவிடுகிறது. உலோகம், மரம், தோல் மூன்றுக்கும் ஒத்துப்போகும். ‘முதுமெருகேறிய குழல்’, ‘போலி முதுமெருகு’ என்று வாக்கியத்தில் வளைந்தும் கொடுக்கிறது. கைபட்டு வந்த வழவழப்பைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் ‘கைமெருகு’ எனலாம்.

எந்தச் சொல்லை எடுத்துக்கொண்டாலும் குழலின் உள்பக்கத்துக்கு அது செல்லாது. பழைய படைத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் எரிகலவையில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து உப்பாகிக் குழலுக்குள் தங்கும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து, குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் புரிகளை அரிக்கும். விளக்கொளியில் பார்த்தால் நீறு பூத்தாற்போல் மங்கலாகவோ குழிகுழியாகவோ தெரியும். அதற்குப் பெயர் அரிப்பு. மரத்துக்கு அடியில் மறைந்திருக்கும் உலோகத்திலும் அப்படித்தான். கட்டைக்கு மேலே அழகான பழுப்பும், கழற்றினால் கீழே ஆழக் குழிகளும் உள்ள ரைஃபிள்கள் நிறைய உண்டு. ஆகவே விற்பனைக் குறிப்பில் ‘பாட்டினா’ என்று மட்டும் இருந்தால், குழலின் உள்பக்கத்தையும் கட்டை கழற்றிய நிலையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பதுதான் முறை.