மாக் 2 என்றால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர்?

விமானப்படையில் கருவிப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றபின், பாளையங்கோட்டையில் படைத்தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு வகுப்பெடுத்து வருகிறேன். போர் விமானக் கையேட்டில் 'மாக் 2' என்று கண்டதும் அவர்களில் பலர் தரைமட்டத்தில் ஒலியின் வேகமான 1,225-ஐ இரண்டால் பெருக்கி, மணிக்கு 2,450 கிலோமீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். பெருக்கல் சரிதான், விடைதான் தவறு.

மாக் எண் என்பது வேகமன்று, விகிதம். விமானத்தைச் சூழ்ந்துள்ள காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப்போல் விமானம் எத்தனை மடங்கு செல்கிறது என்பதையே அது சொல்கிறது. ஒலியின் வேகமோ காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 15 டிகிரியில் 1,225 கிலோமீட்டராக உள்ள அது, 38 டிகிரி வெயில் காயும் பாளையங்கோட்டையில் 1,270-ஐத் தாண்டும். 11 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 56 டிகிரிக் குளிரில், ஏறத்தாழ 1,062 ஆகக் குறைந்துவிடும். அங்கே மாக் 2 என்பது 2,124 கிலோமீட்டர் மட்டுமே. 1947 அக்டோபர் 14 அன்று சக் யேகர் மாக் 1.06-ஐ எட்டி ஒலியை முந்தியபோது அவருடைய வேகம் ஏறத்தாழ 1,127 கிலோமீட்டர். தரைமட்டத்தில் அதே வேகத்தில் பறந்திருந்தால் ஒலியை முந்தியிருக்கவே மாட்டார்.

இனி வேகமானி. ஆடி மாதத்தில் காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி நோக்கி சைக்கிள் மிதித்தவருக்கு, சக்கரம் மெதுவாகச் சுழன்றாலும் நெஞ்சில் மோதும் காற்று எவ்வளவு வலியது என்பது தெரியும். விமானத்தில் முன்னோக்கி நீட்டியிருக்கும் பிட்டோ குழாய், வேகமானிக்காக அளப்பது அந்த மோதலின் அழுத்தத்தைத்தான். மேலே காற்று மெலிவதால், 40,000 அடியில் வேகமானி 270 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்) காட்டும்போது உண்மை வேகம் 500 நாட்டைக் கடந்திருக்கும். மாக் எண் 0.88-ஐ எட்டியிருக்கும்.

கையேடு ஒரே விமானத்துக்கு இரண்டு உச்ச வரம்புகளைத் தருவது இதனால்தான். தாழ்வான உயரத்தில் அடர்ந்த காற்றின் அழுத்தம் இறக்கையையும் உடலையும் சோதிப்பதால், வேகமானி காட்டும் எண்ணே வரம்பாகிறது. உயரே போனால் அந்த அழுத்தம் குறைவு. ஆனால் ஒலிவேகத்தை நெருங்கும்போது இறக்கைமேல் அதிர்ச்சி அலைகள் எழுந்து, தூக்குவிசையின் மையம் பின்னோக்கி நகர்ந்து, மூக்கு தாழத் தொடங்கும். அதனால் அங்கே மாக் எண்ணே வரம்பாகிறது. மாக் 2-இல் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது: வெளியே மைனஸ் 56 டிகிரி இருந்தாலும், விமானத்தின் முனையில் தடைபட்டு நிற்கும் காற்று 117 டிகிரியைத் தொடும். இரண்டு வரம்புகளில் எது முதலில் வருகிறதோ அதுவே விமானிக்குக் கட்டளை.

அலகையும் கவனிக்காமல் விடக்கூடாது. மிக்-21 போன்ற ரஷ்ய விமானங்களின் வேகமானி கிலோமீட்டரிலும், மேற்கத்திய விமானங்களுடையது நாட்டிலும் இருக்கும். முள் 600-இல் நின்றால், முன்னதில் அது 600 கிலோமீட்டர், பின்னதில் 1,111.